இடைமுகக் கடத்தல்: ஹால் எண்ணை முதலில் பாருங்கள்

நண்பரே, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேல் லேசர் முறையில் பேரியம் டைட்டனேட் படலம் வளர்த்ததும் இரண்டும் சேரும் இடைமுகம் மின்சாரம் கடத்துகிறது, ஹால் அளவீட்டில் (காந்தப்புலத்தில் வைத்து, மின்சாரம் சுமக்கும் எலெக்ட்ரான்களைக் கணக்கிடும் முறை) சதுர செ.மீ.க்கு 10¹⁶ எலெக்ட்ரான் வருகிறது, இது முனைவாக்கம் (படிகத்துக்குள் மின்னூட்டங்கள் தாமாகவே இரு பக்கமாக விலகி நிற்பது) இழுத்துவந்த எலெக்ட்ரான் வாயுதானா, அதாவது இடைமுகத்தில் மெல்லிய அடுக்காக நகரும் எலெக்ட்ரான் கூட்டம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்தான் இடிக்கிறது.

பேரியம் டைட்டனேட்டின் முனைவாக்கம் அறை வெப்பநிலையில் சதுர செ.மீ.க்குச் சுமார் 26 மைக்ரோகூலோம். அதை ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் 1.6 × 10¹⁴தான் கிடைக்கும். அடிப்பலகையின் அணு இடைவெளிக்கு ஏற்ப இறுக்கப்பட்டு வளரும் படலத்தில் முனைவாக்கம் கூடும், சரி. ஆனால் அறுபது மடங்கு கூடாது.

மிச்சம் பெரும்பாலும் அடிப்பலகையான ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் ஆக்சிஜன் போன இடங்களிலிருந்து வருகிறது. ஓர் ஆக்சிஜன் அணு வெளியேறினால் இரண்டு எலெக்ட்ரான் வரை விட்டுச்செல்லும். 2004-இல் இயற்பியலாளர்கள் ஒட்டோமோவும் ஹ்வாங்கும் லாந்தனம் அலுமினேட்–ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் இடைமுகத்தில் எலெக்ட்ரான் வாயுவைக் காட்டிய பிறகும் இதே சந்தேகம் வெகுகாலம் விவாதிக்கப்பட்டது.

படலமே இல்லாத பலகையை அதே வெப்பம், அதே அழுத்தம், அதே நேரம் வைத்து எடுங்கள். அது கடத்தினால் காரணம் தெரிந்துவிடும். கடத்தாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், வளரும் படலமே பலகையிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால் உங்கள் மாதிரியை ஆக்சிஜனில் சூடாக்கி அனீல் செய்து, அப்புறம் இருட்டில் வைத்து அளவிடுங்கள். வெளிச்சம் பட்டால் இந்தப் பலகை தானாகவே கொஞ்சம் கடத்தும். எண்ணிக்கை 10¹⁴ பக்கம் இறங்கியும் கடத்தல் நீடித்தால், அப்போது முனைவாக்கத்தின் திசையைத் திருப்பிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.