தண்டவாளத்தின் எச்சத் தகைப்பை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

மொறட்டுவை மாணவி: ஐயா, வண்டியே ஓடாத புதிய தண்டவாளத்தில் எச்சத் தகைப்பு, அதாவது வெளிப்பாரம் இல்லாதபோதும் உருக்குக்குள் தங்கிநிற்கும் உள்விசை, எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் ஆலையில், தண்டவாளத்தை நேராக்கும்போதே வருகிறது. ஆறும்போது வளைந்துவிடும் தண்டவாளத்தை உருளைகளுக்கிடையே மாறி மாறி வளைத்து நிமிர்த்துகிறார்கள். அப்போது உருக்கு நிரந்தரமாக உருமாறுவதால், தலையிலும் அடியிலும் நீளவாக்கில் இழுவையும், நடுத்தண்டில் அதனை ஈடுசெய்யும் அமுக்கமும் தங்கிவிடுகின்றன.

வெள்ளவத்தை வாசகர்: சில்லு படுவது தலையில், எச்சத் தகைப்புச் சோதனை மட்டும் ஏன் அடியில்?

பதில்: வண்டியின் பாரத்தால் தண்டவாளம் வளையும்போது சில்லுக்கு நேர்கீழே அடிப்புறம் இழுபடுகிறது, ஏற்கெனவே உள்ள இழுவையோடு அதுவும் சேர்ந்தால், துருக்குழி ஒன்றே வெடிப்பின் தொடக்கமாகிவிடலாம். உங்கள் வீட்டருகே கடற்காற்றில் கிடக்கும் கரையோரப் பாதையை நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பிய நியமமான இஎன் 13674-1 இதற்கு வெட்டும் முறையையே விதிக்கிறது. ஒரு மீற்றர் நீளத் துண்டின் அடிப்புற மையத்தில், நீளவாக்கில் விகாரமானியை (நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் கருவியை) ஒட்டி அளவீடு எடுத்த பின், அதன் இருபுறமும் வாளால் அறுத்து 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள சீவலாகப் பிரித்து, மீண்டும் அளக்க வேண்டும். விடுபட்ட விகாரத்தை (நீள மாற்றத்தின் விகிதத்தை) உருக்கின் மீள்தன்மை எண்ணான 2,07,000 மெகாபஸ்காலால் (தகைப்பின் அலகு) பெருக்கிக் குறியை மாற்றினால் விடை கிடைக்கும்: சீவல் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினால், அங்கே 207 மெகாபஸ்கால் இழுவை இருந்தது என்று பொருள். உச்ச வரம்பு 250. அறுத்த சூடு தணியுமுன் வாசிப்பு எடுத்தால் கணக்குப் பிழைக்கும். அவசரக்காரர்கள் பலரும் இடறுவது இங்கேதான்.

தெமட்டகொடை வாசகர்: வெட்டாமல் அளக்க வழியில்லையா?

பதில்: உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தன் ஆழத்தின் கதையை மட்டுமே சொல்லும். எக்ஸ்-கதிர் உருக்குக்குள் சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழமே காண்பதால், துருவும் உராய்வும் பட்ட மேற்பரப்பில் அதன் எண்ணை நம்பி உட்பகுதியைத் தீர்மானிக்கக் கூடாது. நியூத்திரன் கதிர் சில சதமமீற்றர் உள்ளே செல்லும். ஆனால் அதற்கு அணு உலையோ அதற்கொப்பான பெரிய மூலமோ வேண்டும், தகைப்பற்ற மாதிரியொன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும். மீயொலி முறை களத்துக்கு எளிது. எனினும் தகைப்பால் மாறும் ஒலிவேகம் மிகச் சிறிது, உருக்கின் மணியமைப்பும் (உள்ளிருக்கும் நுண்படிகங்களின் அமைப்பும்) அவ்வேகத்தை மாற்றும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: நண்பகல் வெயிலில் ஏற்படுவதும் எச்சத் தகைப்புத்தானா?

பதில்: அல்ல. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் விரிய இடமின்றித் தடுக்கப்படுவதால், ஒவ்வொரு செல்சியஸ் பாகை உயர்வுக்கும் ஏறத்தாழ 2.4 மெகாபஸ்கால் அமுக்கம் கூடுகிறது. எச்சத் தகைப்பு ஒரே குறுக்குவெட்டுக்குள் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும். வெப்பத் தகைப்போ குறுக்குவெட்டு முழுவதையும் ஒரே திசையில் அழுத்துவதால்தான் பாதை பக்கவாட்டில் நெளிகிறது.