கூட ஆடுகிறவரைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

பிரபலங்கள் ஆடும் நடனப் போட்டிகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி அமெரிக்காவின் 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்', இங்கிலாந்தின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' இரண்டையும் பற்றித்தான், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இரண்டும் ஒரே நிகழ்ச்சியா? இத்தனை சீசனில் எதிலிருந்து தொடங்குவது?

இரண்டுக்கும் வேர் ஒன்று. ஸ்ட்ரிக்ட்லி 2004 மே மாதம் பிபிசியில் தொடங்கியது, அதைத்தான் அடுத்த வருடம் ஜூனில் ஏபிசி வேறு பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஒரு பிரபலம், ஒரு தொழில்முறை நடனக் கலைஞர், வாரத்துக்கு ஒரு நடனம், நடுவர் மார்க், மக்கள் ஓட்டு. அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டாம். ஒரு தொழில்முறைக் கலைஞரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போங்கள். பிரபலம் ஒரு சீசனோடு போய்விடுவார், கூட ஆடுகிறவர்தான் திரும்பத் திரும்ப வருவார். உதாரணத்துக்கு அமெரிக்க நிகழ்ச்சியின் டெரிக் ஹஃப், ஆறு முறை கோப்பை வாங்கியவர். 2010-ல் ஐம்பது வயது நடிகை ஜெனிஃபர் கிரேயோடு ஆடியதையும், 2015-ல் பதினேழு வயது பிண்டி இர்வினோடு ஆடியதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே ஆள்தான், ஆனால் ஸ்டெப் அமைக்கிற விதம், அவளைத் தாங்கிக்கொள்கிற விதம், எங்கே தான் ஒதுங்கி நின்று அவளை முன்னால் விடுகிறார் என்பது, எல்லாமே வேறு வேறு. இதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் சாதாரணமாகப் பார்க்கவே முடியாது.

கேள்வி: நடுவர்களிடம் மார்க் குறைவாக வாங்கியவர் கடைசியில் கோப்பையைத் தூக்குகிறார். இது எப்படி நியாயம்?

2018-ஐத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க நிகழ்ச்சியில் வானொலித் தொகுப்பாளர் பாபி போன்ஸ் ஜெயித்த வருடம்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க நிகழ்ச்சியின் அடிப்படை முறை விழுக்காடு: மொத்த நடுவர் மார்க்கில் ஒரு ஜோடியின் பங்கையும் மொத்த ஓட்டில் அதன் பங்கையும் கூட்டுவார்கள். பத்து ஜோடிகள், எல்லோருக்கும் சேர்த்து நடுவர்கள் கொடுத்தது 240 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரமாதமாக ஆடி 28 வாங்கிய ஜோடிக்கு 11.67 விழுக்காடு. தடுமாறி 20 வாங்கிய ஜோடிக்கு 8.33. வித்தியாசம் வெறும் 3.34 தான். ஆனால் மக்கள் ஓட்டு இப்படி நெருக்கமாக விழாது, ஒருவருக்கு 4 விழுக்காடு விழுந்தால் இன்னொருவருக்கு 20 விழலாம். பாதிப் பாதி என்று பெயர்தானே தவிர, நடுவர் மார்க் எல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக நிற்பதால் முடிவு ஓட்டின் கையில் போய்விடுகிறது. அதனால்தான் அடுத்த வருடமே, கடைசி இரண்டு ஜோடிகளில் யாரைக் காப்பாற்றுவது என்கிற உரிமையை நடுவர்களுக்குக் கொடுத்தார்கள்.

ஸ்ட்ரிக்ட்லியில் வேறு மாதிரி. அங்கே மார்க்கை அப்படியே கூட்டுவதில்லை, இடத்துக்குத்தான் புள்ளி. பத்து ஜோடி என்றால் முதலிடத்துக்கு 10, கடைசி இடத்துக்கு 1, ஓட்டுக்கும் இதே போல. கூட்டி வருகிறதில் அடியில் இருக்கும் இரண்டு ஜோடிகள் மறுபடி ஆட வேண்டும், அப்போது நடுவர்கள் முடிவு செய்வார்கள். இறுதிச் சுற்றில் மட்டும் நடுவர் மார்க் பேச்சுக்குத்தான், ஓட்டு ஒன்றே தீர்ப்பு.

பாபி போன்ஸ் ஜெயித்தது எனக்கும் உவப்பாக இல்லை, அவரைவிட நன்றாக ஆடியவர்கள் அந்த சீசனில் இருந்தார்கள். ஆனால் அவரோடு ஆடிய ஷார்னா பர்ஜஸுக்கு, 2013-லிருந்து வெவ்வேறு பிரபலங்களோடு ஆடி வந்தவருக்கு, அதுதான் முதல் கோப்பை. அந்த ஒரு காரணத்துக்காக மனசு சமாதானம் ஆகிறது.

கேள்வி: எனக்குப் பிடித்த கலைஞர் ஒவ்வொரு வருடமும் சீக்கிரமே வெளியேறிவிடுகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். யாருக்கு யார் ஜோடி என்பது தயாரிப்புக் குழு முடிவு செய்வது. ஏற்கெனவே உடம்பில் தாளம் உள்ள பாடகி ஒருவருக்கு வருவார், வாழ்நாளில் ஆடியே இராத அரசியல்வாதி இன்னொருவருக்கு வருவார்.

ஆன்டன் டு பெக்கைப் பாருங்கள். 2004-ல் ஸ்ட்ரிக்ட்லி தொடங்கியதிலிருந்து 2020 வரை பதினெட்டு சீசன் ஆடினார், ஒரு கோப்பை கூட இல்லை. 2019-ல் நடிகை எம்மா பார்ட்டனோடு இறுதிச் சுற்று வரை போய்க் கைநழுவியது. 2010-ல் அவருக்குக் கிடைத்தவர் ஆன் விடெகோம், முன்னாள் எம்பி, அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ஆட வராது என்று ஆன்டனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அதற்காக அவரைக் கஷ்டப்படுத்தவில்லை, அவரால் முடிந்ததை வைத்து, தூக்கியும் இழுத்தும் சுழற்றியும், பார்க்கிறவர்கள் சந்தோஷமாக ஓட்டுப் போடுகிற மாதிரி வாராவாரம் ஒன்றைக் கட்டினார். இது வேலை தெரியாதவர் செய்கிற காரியமா? 2021-ல் அவர் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

கேள்வி: மார்க் போகட்டும். ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கைகளை. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் மாதிரி அணைத்துப் பிடித்து ஆடும் நடனங்களில் ஆண் வழிநடத்த வேண்டும், பெண் பின்பற்ற வேண்டும் என்பது மரபு. ஆனால் ஆண் பிரபலமாக இருந்தால் அவருக்கு வழியே தெரியாது. அப்போது அந்தப் பெண் கலைஞர் பின்னோக்கி நடந்துகொண்டே, கையழுத்தத்தாலும் உடம்பின் சாய்வாலும் அவரை இழுத்துக்கொண்டு போவார், பார்க்கிற நமக்கோ அந்த ஆண் நடத்துகிற மாதிரியே தெரியும். மூலை திரும்பும் இடத்தில் உற்றுப் பாருங்கள், முதலில் அசைவது யார் என்று தெரிந்துவிடும்.

ஸ்ட்ரிக்ட்லியில் ஆடிய கிறிஸ் மெக்காஸ்லண்ட் கதையில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவர் பார்வையற்றவர், நகைச்சுவைக் கலைஞர். கூட ஆடிய தொழில்முறைக் கலைஞர் டையன் பஸ்வெல் ஆடிக் காட்டி அவர் பார்த்துக் கற்க வழியே இல்லை, கண்ணாடி முன்னால் நிற்பதிலும் பயன் இல்லை. சொல்லிப் புரியவைக்க வேண்டும், தொட்டுக் காட்ட வேண்டும். 2024 டிசம்பரில் கோப்பை அவர்களுக்குத்தான்.

அதற்கு முன் 2021-ல் ரோஸ் ஏலிங் எல்லிஸ், காது கேளாத நடிகை, தொழில்முறைக் கலைஞர் ஜியோவானி பெர்னிச்சியோடு. அவர்கள் ஆட்டத்தின் நடுவில் பாட்டு நின்றுவிடும். அரங்கமே நிசப்தம். இரண்டு பேரும் நிறுத்தவில்லை, அதே தாளத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள், சில விநாடிகள்தான், அப்புறம் இசை திரும்புகிறது. அந்த நிசப்தத்தில் ரோஸ் ஒரு அடி கூடத் தவறவில்லை. மறுபடி பார்க்கும்போது ஜியோவானியை மட்டும் பாருங்கள், இசை போன அந்தக் கணத்தில் அவருக்கும் ரோஸைத் தவிர வேறு துணை இல்லை. நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

கேள்வி: இந்த ஜோடிகளுக்குள் நிஜமாகவே காதலா?

சிலருக்கு வந்திருக்கிறது, பலருக்கு இல்லை, அது அவர்கள் சொந்த விஷயம். காதல் காட்சியை நடனத்தில் நம்பும்படி செய்வது அவர்கள் தொழில். இதற்குப் பதில் ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். அமெரிக்க நிகழ்ச்சியின் வால் செமெர்கோவ்ஸ்கியும் ஜென்னா ஜான்சனும் கணவன் மனைவி, இருவருமே தொழில்முறைக் கலைஞர்கள், ஒரே சீசனில் எதிரெதிர் ஜோடிகளில் ஆடுகிறவர்கள். 2023 கோப்பை வாலுக்கு, 2024 கோப்பை ஜென்னாவுக்கு.

கேள்வி: ஸ்ட்ரிக்ட்லி முடிவு ஞாயிறு ஒளிபரப்புக்கு முன்பே கசிந்துவிடுகிறதே, எப்படி?

முடிவுப் பகுதியை சனிக்கிழமை இரவே, நேரலை முடிந்த கையோடு படம்பிடித்துவிடுகிறார்கள். அரங்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யாராவது சொல்லாமல் இருப்பார்களா? சனி ராத்திரியிலிருந்து போனை ஓரமாக வையுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: கடைசியாகப் பார்த்ததில் உங்களை அசைத்த ஜோடி?

அமெரிக்க நிகழ்ச்சியில் 2025-ல் ஜெயித்த ராபர்ட் இர்வின், அவரோடு ஆடிய கலைஞர் விட்னி கார்சன். ராபர்ட் பிண்டியின் தம்பி, அக்கா ஜெயித்துச் சரியாகப் பத்து வருடம் கழித்து அதே கோப்பை. செய்தியெல்லாம் அண்ணன் தங்கை பாசம் மாதிரி இந்த அக்கா தம்பி கதையிலேயே நின்றுவிட்டது. விட்னிக்கு அது 2014-க்குப் பிறகு இரண்டாவது கோப்பை, இடையில் பதினோரு வருடம். சீசனின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் எடுத்து, இரண்டிலும் விட்னியை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசலாம்.