டர்போ டிராக் கார் வீட்டிலேயே தயார் செய்ய: கேள்வி பதில்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் டிராக் கார்களைத் தயார் செய்கிறேன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீடுவேயிலும் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள்) நடக்கும்போது அந்த வண்டிகள் ஓடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் பவரை எப்படி ஏற்றுவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். டர்போ வண்டியில் பவர் ஏற்றுவது சுலபம். அதோடு சேர்ந்து வரும் சூட்டை வெளியே அனுப்புவதில்தான் உழைப்பும் காசும் போக வேண்டும். என் பதில்களில் பாதி அதைச் சுற்றியே இருக்கும்.

சென்னையிலிருந்து: அண்ணா, போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல் வைத்திருக்கிறேன். ரீமேப் (இன்ஜின் கணினியின் செட்டிங்கை மாற்றுவது) செய்தாயிற்று. ரோட்டில் பறக்கிறது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது லேப்பிலேயே இழுவை குறைந்துவிடுகிறது. டர்போ போய்விட்டதா?

டர்போ நன்றாகத்தான் இருக்கும் தம்பி. உள்ளே போகிற காற்று சூடாகிவிட்டது, அவ்வளவுதான். வெளியே 35 டிகிரி இருக்கும் காற்றை டர்போ 1 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்தும்போது, அந்தக் காற்று ஏறக்குறைய 130 டிகிரிக்குப் போய்விடும். அதைத் திரும்பக் குளிர வைப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. முடியாதபோது நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வந்துவிடக் கூடாதே என்று ஈசியூ, அதாவது இன்ஜினின் கணினி, ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பூஸ்டையும் குறைக்கும். நீங்கள் உணர்கிற இழுவைக் குறைவு அதுதான். இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

உங்கள் வண்டியில் இன்டர்கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் குளிர்விப்பது தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு முன்பக்கம் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. ரோட்டில் நாம் பத்து விநாடி மிதித்தால் அடுத்த ஒரு நிமிடம் அது ஓய்வெடுக்கும். டிராக்கில் அந்த ஓய்வே கிடையாது.

இன்னொரு ரீமேப்புக்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு ஓபிடி ரீடரை (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) மாட்டி, இன்டேக் காற்றின் சூட்டை லேப் முழுவதும் பதிவு செய்யுங்கள். பம்பரைக் கழற்றி அந்தச் சின்ன ரேடியேட்டரின் துடுப்புகளைப் பாருங்கள். பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும், மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து அடையுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். சந்து இருந்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். தகடும் ஃபோமும் பெரிய செலவில்லை, ஆனால் பதிவில் வித்தியாசம் தெரியும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பெரிய ரேடியேட்டருக்குப் போகலாம். அதுவரை ஒரு லேப் விரட்டுங்கள், ஒரு லேப் ஆற விடுங்கள்.

மதுரையிலிருந்து: எந்தப் பெட்ரோல் போடுவது சார்? ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், டர்போவைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

எத்தனால் டர்போவுக்கு எதிரி இல்லை. அதன் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) அதிகம், ஆவியாகும்போது காற்றைக் குளிர வைக்கவும் செய்யும். சிக்கல் அளவில்தான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று போதும் என்றால், ஈ20-க்கு 13.5 அருகில்தான். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். பழைய பெட்ரோலுக்கு மேப் செய்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் ஈ20 ஊற்றினால், முழு பூஸ்டில் கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகும். பிஸ்டன் உருகுவது அங்கேதான்.

அதனால் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் கேஜை ஏர்-ஃபியூல் எண்ணில் பார்க்காமல் லாம்டாவில் (1 என்றால் சரிசமக் கலவை, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) பாருங்கள். எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. முழு பூஸ்டில் 0.80-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 100 ஆக்டேன் கிடைத்தால் போடலாம். ஆனால் அதற்கென்று மேப் செய்யாத வண்டியில் அது நாக்கிங்கிலிருந்து கொஞ்சம் பாதுகாப்புத்தான் தரும், பெரிதாகப் பவர் தராது. பழைய வண்டியாக இருந்தால் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியின் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, என்னிடம் ஒரு பழைய எஸ்டீம் இருக்கிறது. டர்போ இல்லாத அந்த இன்ஜினில் டர்போ ஏற்ற முடியுமா? புதுப்பேட்டையில் ஒரு டர்போ பார்த்து வைத்திருக்கிறேன்.

முடியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. எடை குறைவான வண்டி, பிரித்து மாட்ட எளிது, நம் ஊர் ரேஸ்களில் வருடக்கணக்கில் ஓடிய இன்ஜின். மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் வீரர் எஸ்.கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார் உருவாக்கியது நம் கோவையில்தான். லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் பக்கத்திலேயே இருப்பது நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை வெளியூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர்கள் எவ்வளவு அழுத்தம் பிடிக்கின்றன என்ற சோதனை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் டர்போவை மறந்துவிட்டு இன்ஜினைப் பிரியுங்கள்.

அப்புறம் அந்தப் புதுப்பேட்டை டர்போ. காசு கொடுக்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். கைக்குத் தெரிகிற மாதிரி ஆடக் கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடும். உள்ளே ஆயில் இல்லாததால் வரும் ஆட்டம் அது, சரிதான். ஆனால் அப்படி ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டே சுற்றும்போது இறக்கையின் நுனி ஹவுசிங்கில் உரசினால் கீழே வைத்துவிடுங்கள். இறக்கை ஒவ்வொன்றின் விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு சின்னச் சில்லு போயிருந்தாலும் வேண்டாம். அது ஓடும் வேகம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். டர்பைன் பக்கம் (எக்ஸாஸ்ட் புகை போகும் பக்கம்) ஈரமாக ஆயில் படிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயில் திரும்பிச் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வரும் குழாயில்தான் வீட்டில் கட்டுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். டர்போவுக்குள் பிரஷரில் போகிற ஆயில், வெளியே வரும்போது தானாக வழிந்துதான் வரும். ஆகவே குழாய் பருமனாக, நேராகக் கீழ்நோக்கி இறங்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எங்காவது வளைந்து மேலே ஏறினால் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது டர்போ வாங்குவார்கள். அதுவும் புகைக்கும்.

டர்போவைத் தாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தடிமனான பைப்பில் செய்யுங்கள். ஸ்டெய்ன்லெஸ் என்றால் ஆர்கான் வெல்டிங், உள்பக்கமும் ஆர்கான் நிரப்பி வெல்ட் செய்யச் சொல்லுங்கள். வெல்ட் முடிந்ததும் ஃபிளாஞ்சை லேத்தில் சமப்படுத்தியே ஆக வேண்டும். சூட்டில் அது கோணிக்கொண்டிருக்கும்.

இன்ஜெக்டர் கணக்கு: 150 எச்பி இலக்கு, நான்கு இன்ஜெக்டர் என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 300 சிசி வேண்டும். ஈ20-ஐச் சேர்த்தால் 325. 350 சிசி வாங்கினால் கொஞ்சம் இடம் இருக்கும். பழைய ஈசியூவை ஏமாற்றி ஓட்டும் வித்தைகள் வேண்டாம், நாமே செட் செய்துகொள்ளும் ஸ்டாண்ட்அலோன் ஈசியூ ஒன்றைத் தனியாகப் போடுங்கள். பூஸ்டை 0.4 பாரில் தொடங்குங்கள். ஒரு சீசன் முழுக்க அதிலேயே ஓட்டினாலும் அந்த எடைக்கு வண்டி நன்றாகவே போகும்.

திருச்சியிலிருந்து: டம்ப் வால்வ் (ஆக்சிலரேட்டரை விட்டதும் பூஸ்ட் காற்றை வெளியே விடும் வால்வ்) போட்டால் பவர் கூடுமா?

கூடாது. சத்தம்தான் கூடும்.

ஈரோட்டிலிருந்து: ஆயில் பிரஷர் கேஜ் அவசியமா? டேஷ்போர்டில்தான் லைட் இருக்கிறதே.

அவசியம். அந்த லைட் எரிவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். பிரஷர் அடிமட்டத்துக்கு இறங்கினால்தான் அது எரியும். 7000 ஆர்பிஎம்மில் பிரஷர் பாதியாகக் குறைந்தால் அதற்குத் தெரியாது. நீளமான வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், ஆயிலை இழுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு விநாடியில் பேரிங் தேயத் தொடங்குகிறது. ஒட்டும் டயர் போட்ட பிறகு இது இன்னும் மோசம். சம்ப்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடு வெல்ட் செய்யுங்கள். டிராக்குக்குப் போகும்போது ஆயில் மேல் கோடு வரை இருக்கட்டும்.

கேஜோடு கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை விளக்கும் வையுங்கள். வளைவில் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. ஆயில் சூடு 120 டிகிரி வரை பயமில்லை, 130 தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். சின்ன டிஎஸ்ஐ இன்ஜின்களுக்கு ஏபிஐ எஸ்பி தரம் உள்ள ஆயில் நல்லது. குறைந்த ஆர்பிஎம்மில் முழுசாக மிதிக்கும்போது வரும் முன்கூட்டிய எரிதலைத் தடுக்கவே அந்தத் தரத்தில் சோதனை சேர்த்திருக்கிறார்கள். பெரிய கியரில் 1500 ஆர்பிஎம்மில் போட்டு அழுத்தாதீர்கள், கியரைக் குறையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ஐந்து லேப்பில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பெரிய டிஸ்க் போடலாமா?

முதலில் பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். புது டாட் 4 ஃப்ளூயிட் 230 டிகிரியிலாவது கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் சேர்ந்த பிறகு அது 155-க்கு இறங்கிவிடும். நாகர்கோவில் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். கொதித்தால் உள்ளே ஆவி, ஆவி அழுங்கும், பெடல் கீழே போகும். ரேஸ் ஃப்ளூயிடும் டிராக் பேடும் போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறமும் வந்தால்தான் டிஸ்க் பற்றி யோசிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஒரு அப்பா: என் மகன் வீட்டு ஷெட்டில் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறான். எனக்கு இன்ஜின் தெரியாது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?

ஐயா, நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம். இன்ஜின் தெரிய வேண்டியதில்லை. வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது உங்கள் மகன் அடியில் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்ட் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்தால் உடனே நிறுத்துங்கள், அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டக் கூடாது.

பிரேக் கிளீனர் ஸ்பிரே டப்பாவில் குளோரின் சேர்ந்த ரசாயனம் எழுதியிருந்தால், அதை வைத்துத் துடைத்த இடத்தில் வெல்டிங் கூடவே கூடாது. பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், கதவுப் பக்கம் இருக்கட்டும்.

ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் இரும்புக் கூடு) வைக்கிறேன் என்றால் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வண்டி ரோட்டில் ஓடுமா? ஓடும் என்றால் ரோல் கேஜ் வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் ஆபத்து. டிராக்குக்கு மட்டும் என்றால் சீம்லெஸ் குழாய்தான். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ விதியில் மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு) 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50-க்கு 2. கடையில் கிடைக்கும் ஜிஐ பைப்பில் யாராவது செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோவையிலிருந்து: அதே வண்டியை ரோட்டிலும் ஓட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியும் ரேஸுக்குச் செல்லாது. லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: அடுத்த மாதம் என் முதல் டிராக் டே. ஓட்டி முடித்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கடைசி லேப்பைப் பூஸ்டே ஏறாமல் மெதுவாக ஓட்டுங்கள். டர்பைனும் பிரேக்கும் அதில்தான் ஆறும். வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு வீலுக்குக் கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். வீல் ஆறிய பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் வீல் போல்ட்டுகளைச் சரிபாருங்கள். போலோ என்றால் 120 என்எம் (நியூட்டன் மீட்டர்).

இன்ஜின் நன்றாக ஆறியதும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. பீங்கானில் மிளகுத் தூள் தூவிய மாதிரி கருப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கியிருக்கிறது. அந்தப் புள்ளிகள் வெள்ளி மாதிரி மினுங்கினால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அடுத்த செஷனுக்கு எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி, வண்டியை அப்போதே லாரியில் ஏற்றிவிடுங்கள்.