பிஎச்பியில் வினவல் முடிவின் வரிசைகளில் முன்னும் பின்னும் செல்வது எப்படி?

தரவுத்தளத்திலிருந்து வந்த ஒரே முடிவை முதல் சுற்றில் (லூப்பில்) கூட்டி, இரண்டாம் சுற்றில் அச்சிடும்போது ஒரு வரிசைகூட வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதியபோது நானும் இதில் ஒரு மாலை முழுவதும் தடுமாறினேன். தாளின் தலைப்பில் மொத்த எடை சரியாக இருந்தது. யார் எத்தனை கிலோ ஷீட்டும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலும் கொண்டுவந்தார்கள் என்பதைக் காட்டவேண்டிய கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன.

பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்ஐயின் ஃபெட்ச் அசோக் என்ற செயற்கூறு ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு வரிசையைத் தந்துவிட்டு, எந்த வரிசையில் நிற்கிறோம் என்று காட்டும் சுட்டியை அடுத்த வரிசைக்கு நகர்த்துகிறது. வரிசைகள் தீர்ந்ததும் நல் என்ற வெற்று மதிப்பைத் தருவதால் சுற்று நிற்கிறது. ஆனால் சுட்டி கடைசியிலேயே நிற்பதால் இரண்டாம் சுற்று தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. இடையில், சுட்டியை நகர்த்தும் டேட்டா சீக் என்ற செயற்கூறை 0 என்ற எண்ணுடன் அழைத்தால் முதல் வரிசைக்குத் திரும்பலாம். எண்ணிக்கை 0 முதல் தொடங்குவதால் 5ஆம் வரிசைக்கு 4 என்று தரவேண்டும். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்ற நாட்களில் முடிவே காலியாக இருக்கக்கூடும் என்பதால், எத்தனை வரிசைகள் உள்ளன என்று சொல்லும் ‘நம் ரோஸ்’ மூலம் எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடுங்கள்.

முடிவு முழுவதும் நினைவகத்துக்கு வந்திருந்தால்தான் டேட்டா சீக் வேலை செய்யும். யூஸ் ரிசல்ட் முறையில் வரிசைகள் ஒவ்வொன்றாக வருவதால் பின்னால் போக வழியில்லை. ஒரு நாள் கணக்கு போன்ற சிறிய முடிவென்றால், எல்லாவற்றையும் ஓர் அரேயில் (பட்டியலில்) எடுத்துவைப்பதே நல்லது என்பேன்.

திரையில் ‘முந்தையது’, ‘அடுத்தது’ பொத்தான்கள் வைப்பது வேறு விஷயம். ஒவ்வொரு சொடுக்கும் புதிய கோரிக்கை என்பதால் பழைய முடிவும் சுட்டியும் அங்கே இருப்பதில்லை. எத்தனை வரிசைகளைத் தாண்டவேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட்டை நம்பினால், இடையில் ஒரு ரசீது நீக்கப்பட்டாலும் எல்லாம் ஓரிடம் நகர்ந்து, ஒரு விவசாயியின் வரிசை கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே ரசீது எண்ணை அனுப்புங்கள்: அடுத்ததற்கு, அதைவிடப் பெரிய எண்களை ஏறுவரிசையில் அடுக்கி ஒன்றை எடுக்கவேண்டும், முந்தையதற்கு, சிறிய எண்களை இறங்குவரிசையில் அடுக்கி ஒன்றை எடுக்கவேண்டும். இறங்குவரிசையை விட்டுவிட்டால், 412ஆம் ரசீதிலிருந்து 411க்குப் போகாமல் நேராக 1க்குப் போய் நிற்கும்.