கர்ப்ப காலத்தில் சாப்பிடும் மருந்தின் பாதுகாப்பை மரபணு ஆய்வால் அறிய முடியுமா?

கர்ப்பிணிகளை மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்னும்போது, மரபணுத் தரவைக் கொண்டு மருந்தின் பாதுகாப்பை அறியலாம் என்பது எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து உடலில் குறிவைக்கும் இடத்தைத் தடுப்பதால் பிள்ளைக்குத் தீங்கு வருமா என்ற ஒரு வகைக் கேள்விக்கு அது நல்ல விடை தருகிறது.

தக்கலையில் இருக்கும் என் மைனி ஆறாம் மாதத்தில் ரத்த அழுத்தத்துக்கு லபெட்டலால் சாப்பிட்டு வந்தார். அதனால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும் என்று யாரோ சொல்லிவிட, பாக்குவெட்டியால் மாத்திரையைப் பாதியாக நறுக்கி, மறுபாதிகளைக் காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைக் கண்டதும் பதறிப்போய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சொன்னபடி முழு அளவுக்குத் திரும்பினார்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தமே பிள்ளையின் எடையைக் குறைக்கக்கூடியது. மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்த நோய் உள்ளவர்களே என்பதால், நோயின் பழி மருந்தின்மேல் விழுந்துவிடலாம். லபெட்டலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் தடுக்கும் ஏற்பியை (உடலின் சைகையை வாங்கும் புரதத்தை) உருவாக்கும் ஏடிஆர்பி1 மரபணுவில் சிறு மாற்றத்தோடு பிறந்து, அதனால் ரத்த அழுத்தம் சற்றே குறைந்திருக்கும் பெண்கள் உண்டு. மாத்திரையே தொடாத அவர்களுடைய பிள்ளைகளின் எடையை மற்றவர்களுடைய பிள்ளைகளின் எடையோடு ஒப்பிடுவதே ‘மெண்டலிய சமவாய்ப்பாக்கம்’ எனும் முறை. மரபணுக்கள் குலுக்கல் முறையில் வந்து சேர்வதால், வசதியோ பழக்கவழக்கமோ இந்த ஒப்பீட்டை அதிகம் குழப்புவதில்லை. ஆனால் தாயின் மரபணுக்களில் பாதி பிள்ளைக்கும் போகிறது. இருவருடையதையும் சேர்த்துக் கணக்கிடாவிட்டால், பிள்ளையின் சொந்த மரபணு செய்ததைக் கருப்பை செய்ததாக எண்ணிவிடுவோம். இத்தகைய ஆய்வை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மரபணுவின் தாக்கம் வாழ்நாள் முழுவதும் இருப்பது, மாத்திரையோ சில மாதங்களுக்கு மட்டுமே. அதைவிடப் பெரிய குறை, மருந்து குறிவைக்கும் இடத்தை மட்டுமே இந்த முறை சோதிக்கிறது, மருந்தின் வேதிப்பொருள் வேறெங்கே போய் ஒட்டும் என்பதை அது காட்டாது. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைக் குறைத்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட, கர்ப்பிணிகளும் சாப்பிட்ட தூக்க மருந்தான தாலிடோமைடு, செரிப்ளான் என்ற புரதத்தில் ஒட்டுகிறது என்பது 2010-இல்தான் தெரியவந்தது. குறி எதுவென்றே தெரியாத மருந்துக்கு எந்த மரபணுவைப் பதிலியாக வைப்பது? அத்தகைய தீங்கைக் கண்டுபிடிக்க, மருந்து சாப்பிட்ட தாய்மார்களையும் அவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து பதிவு செய்வதே வழி.

இந்த ஆய்வுகளுக்கான தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தக்கலையிலும் குளச்சலிலும் இருக்கும் பெண்களுக்கு அந்த முடிவுகளைத் தயக்கமின்றிப் பொருத்த வேண்டுமானால், நம் நாட்டுத் தாய்மார்களின் தரவும் பிள்ளைகளின் தரவும் சேர்த்தே திரட்டப்பட வேண்டும்.