கத்திரி வெயிலில் சவாரியும் குதிரைக்கு உறுத்தாத கடிவாளமும்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்களும் சவாரி பழகுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, இப்பகுதியில் சவாரி பயிற்றுவிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பாதிப்பேர் வெயிலைப் பற்றியும் மீதிப்பேர் கடிவாளத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். குதிரையால் வாய்வழியாக மூச்சுவிட முடியாது. ஓடினாலும் நின்றாலும் அதற்கு மூக்கு ஒன்றே வழி. ஆகையால் கோடையில் அதன் முகத்தில் எதைக் கட்டுகிறோம், எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோம் என்பதும் வெயிலைச் சேர்ந்த கேள்விதான்.

காரைக்குடியிலிருந்து: கத்திரி நாட்களில் எந்த நேரத்தில் சவாரி செய்வது நல்லது, ஐயா? ஏதேனும் கணக்கு உண்டா?

ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்துக்கொண்டு, அதனுடன் காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 130-க்குள் இருந்தால் வழக்கம்போல் சவாரி செய்யலாம்; 150-ஐத் தாண்டினால் வேகத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும்; 180-ஐத் தாண்டினால் குதிரையைக் கொட்டடியிலேயே விட்டுவிட வேண்டும். கைப்பேசியில் இரண்டு எண்களும் கிடைக்கின்றன.

ஆனால் இந்தக் கணக்கை நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. விடியற்காலையில் 27 டிகிரி செல்சியஸ், அதாவது 81 ஃபாரன்ஹீட்டும், 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் தொகை 161 வருகிறது. பிற்பகலில் 39 டிகிரி, அதாவது 102 ஃபாரன்ஹீட்டும், 40 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் 142-தான் வருகிறது. இதைப் பார்த்துவிட்டுப் பிற்பகலே மேல் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். தலைக்கு மேல் காயும் சூரியனையும், காலுக்குக் கீழிருந்து அனலடிக்கும் செம்மண் தரையையும் தார்ச்சாலையையும் அந்தக் கூட்டல் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் வழக்கத்தில் விடியற்காலையே சவாரி நேரம். அப்போதும் ஈரப்பதம் மிகுந்திருந்தால் பாய்ச்சலை விட்டுவிட்டு நடையும் மென்னோட்டமுமாக முக்கால் மணிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம். மாலையில் சூரியன் மறைந்த பின்னும் தரை நெடுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும் என்பதால் மாலைச் சவாரியை நான் இரண்டாம் பட்சமாகவே வைத்திருக்கிறேன்.

வண்டியிழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கு இதில் சட்டமே உண்டு. 37 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை அவற்றை வேலை வாங்கக் கூடாதென்று 1965-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. சவாரிக் குதிரைக்கும் அந்த வரம்பை நாமே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: என் பேரன் சவாரி முடிந்து வந்ததும் வியர்வையோடு நிற்கிற குதிரைமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுகிறான். கொதிக்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் சொல்லுவார்கள். அவனை எப்படித் தடுப்பது?

தடுக்க வேண்டாம், ஆச்சி. பேரன் செய்வதுதான் சரி. வண்டிக்காரர்களின் அந்த அச்சம் உலகம் முழுவதும் இருந்தது. 1996-இல் அட்லாண்டாவின் புழுக்கத்தில் ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளை நடத்த வேண்டியிருந்தபோது கால்நடை மருத்துவர்கள் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றுவதால் தசை இறுகுவதில்லை என்பதும், உடல் வெப்பம் விரைவாக இறங்குகிறது என்பதும் உறுதியாயின.

குதிரையின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே ஓட்டமாகிறது. மற்றது வெப்பமாக உடம்பிலேயே தங்குகிறது. அதை வெளியேற்றத்தான் கழுத்து, மார்பு, விலா, தொடை என எல்லா இடங்களிலும் நிறுத்தாமல் நீர் ஊற்றச் சொல்கிறோம். ஊற்றிய நீரை வழித்தெடுக்க நேரம் செலவிட வேண்டியதில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். ஈரத்துணியை முதுகில் போர்த்தி விடுவது மட்டும் கூடாது. சிறிது நேரத்தில் அந்தத் துணியே சூடேறி வெப்பத்தை அடைத்துவிடும். குடிப்பதற்கும் உடனே தண்ணீர் காட்டலாம்.

கானாடுகாத்தானிலிருந்து: ஊருணியில் குதிரையை இறக்கிக் குளிப்பாட்டலாமா?

ஊரார் குடிநீர் எடுக்கும் ஊருணியில் கூடாது. மற்ற குளங்களில், கரை சரிவாகவும் அடி உறுதியாகவும் இருந்தால் இறக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: குதிரைக்கு வெப்பம் தாங்கவில்லை என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

ஓய்வில் இருக்கும் குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரிவரை இருக்கும். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. சவாரி முடிந்து நிழலில் கால் மணி நேரம் நின்ற பிறகும் இடைவிடாமல் மூச்சிரைத்துக்கொண்டிருந்தாலோ, மூக்குத்துளைகள் விரிந்தபடியே இருந்தாலோ, தீவனத்தைத் திரும்பிப் பார்க்காவிட்டாலோ நீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 40 டிகிரியைக் காட்டினால் எச்சரிக்கை. 41-ஐ நெருங்கினால் தள்ளாட்டம் தொடங்கும் முன்பே மருத்துவரை அழைத்துவிட வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெப்பமானி விலையுயர்ந்த பொருளன்று. சேணத்துக்குப் பல ஆயிரம் செலவிடுகிறவர்கள் இதை வாங்காமல் இருப்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

கண்டனூரிலிருந்து: கொள்ளு சூடு என்கிறார்களே, கோடையில் நிறுத்திவிடலாமா?

முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. வேலை குறையும்போது கொள்ளையும் தவிட்டையும் அதற்கேற்பக் குறைத்துவிட்டுப் பசும்புல்லைக் கூட்டினால் போதும். கொள்ளை ஊறவைத்து வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொள்ளைவிடக் கவலைப்பட வேண்டியது உப்பு. நம் வியர்வையைவிடக் குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்புச்சத்து வெளியேறுகிறது. கடும் வெயிலில் கடும் வேலை செய்யும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். வேலையில்லாத நாளிலும் 25 முதல் 30 கிராம் சாதாரண உப்பைத் தீவனத்தில் கலக்கலாம்; வியர்த்த நாளில் அதைக் கூட்டலாம். அருகில் தண்ணீர் இல்லாமல் உப்பை மட்டும் கொடுத்தால் தீங்காக முடியும்.

கீழச்சிவல்பட்டியிலிருந்து: எங்கள் மார்வாரிக் குதிரை கடிவாளம் மாட்டும்போதெல்லாம் தலையை உதறுகிறது. நெற்றியில் மணியும் குஞ்சமும் வைத்த புதுக் கடிவாளம். தோலும் நல்ல தோல்தான். என்ன குறை?

பெரும்பாலும் காதில்தான் குறை இருக்கும். மார்வாரியின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு இருப்பவை. காதடியைச் சுற்றி வாருக்குக் கிடைக்கும் இடம் குறைவு. கடைகளில் விற்கும் கடிவாளங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குதிரைகளின் தலை அளவுக்கு வெட்டப்பட்டவை. மார்வாரியின் தலை நீண்டும் ஒடுங்கியும் இருப்பதால் ‘ஃபுல்’ எனும் பெரிய அளவு தொளதொளக்கும் என்று ‘காப்’ எனும் சிறிய அளவை வாங்குகிறோம். அதில் கன்ன வார் பொருந்தினாலும் நெற்றி வார் குட்டையாகிவிடுகிறது. குட்டையான நெற்றி வார், காதுக்குப் பின்னால் தலைமேல் செல்லும் உச்சி வாரை முன்னுக்கு இழுத்துக் காதடியில் அழுத்தும். அந்த இடத்தில் வியர்வை ஊறி, உப்பு காய்ந்து, அதன்மேல் வாரும் உராய்ந்தால் எந்தக் குதிரையும் தலையை உதறத்தான் செய்யும்.

கடிவாளத்தை மாட்டிவிட்டு, காதடியைச் சுற்றிலும் உங்கள் விரல் தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். நெற்றி வாருக்கும் நெற்றிக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். தொண்டை வாருக்கும் தாடைக்கும் இடையில் உள்ளங்கையை நிமிர்த்தி வைக்குமளவுக்கு இடம் வேண்டும். அது இறுகினால் குதிரை கழுத்தை வளைக்கும்போது மூச்சுக்குழல் நெரியும். நெற்றி வாரை மட்டும் ஓர் அளவு கூட்டித் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். முழுக் கடிவாளத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. உச்சி வார் அகலமாகவும், காதுக்குப் பின்னால் உள்வளைவாக வெட்டப்பட்டும், அடியில் மெத்தை வைத்தும் இருந்தால் நல்லது. ஆனால் மெத்தைக்கு உள்ளே பஞ்சோ கம்பளியோ இருந்தால் அது வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் கிடக்கும். கோடையில் வழவழப்பான தோல் மெத்தையே போதும்.

மணியையும் குஞ்சத்தையும் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐயனார் கோயில் மண்புரவிக்கு வேளார் பிடித்து வைக்கிற முகவாரும் மணியும் எவ்வளவு கனத்தாலும் அந்தக் குதிரை கேள்வி கேட்பதில்லை. நம் குதிரை கேட்கிறது.

புதுவயலிலிருந்து: வாயைத் திறக்காமல் இருக்க மூக்கு வாரை நன்றாக இறுக்கிக் கட்டும்படி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். எவ்வளவு இறுக்கலாம்?

உங்கள் ஆசிரியரைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பல காலமாகப் பலரும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். இப்போதைய அளவு, மூக்கெலும்பின் நடுவில் வாருக்கு அடியில் பெரியவர் ஒருவரின் இரண்டு விரல்கள் நுழையுமளவுக்குத் தளர்வு. பக்கவாட்டில் கன்னத்தருகே விரலை நுழைத்துப் பார்ப்பது ஏமாற்றும். அங்கே சதை அமுங்கி இடம் கொடுத்துவிடும். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் தன் போட்டிகளில் இதற்கென ஓர் அளவுகோலையே கொண்டுவந்து, மூக்கெலும்பின்மேல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறது.

மூக்கு வாரின் இடமும் முக்கியம். கன்ன எலும்பின் விளிம்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே அது அமர வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் எலும்பு முடிந்து மெல்லிய பகுதி தொடங்கிவிடும். அங்கே இறுகும் வார் மூக்குத்துளைக்குப் போகும் காற்றைக் குறைக்கும். தாழ்த்திக் கட்டும் ‘டிராப்’ வகை மூக்கு வாரைக் கோடையில் நான் பரிந்துரைப்பதில்லை. குதிரை வாயைத் திறக்கிறதென்றால் முதலில் பற்களைப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பற்களின் கூர்விளிம்புகளை ஆண்டுக்கொரு முறை மருத்துவரைக் கொண்டு அராவிவிட்டால், பல குதிரைகளுக்கு மூக்கு வாரே தேவைப்படுவதில்லை.

நாச்சியாபுரத்திலிருந்து: பந்தய வண்டிக் குதிரைக்கு முள் வைத்த கடிவாளம் போடுகிறார்கள். சவாரிக்கும் அதையே பயன்படுத்தலாம் என்கிறார் நண்பர்.

கூடாது. மேலே சொன்ன 1965 விதிகளின் எட்டாவது விதி, வண்டிக்கானாலும் சவாரிக்கானாலும் முள்ளோ கூரான புடைப்போ உள்ள கடிவாளத்தைத் தடை செய்கிறது. முள்ளுக்குப் பயந்து தலையைத் தூக்கும் குதிரையை அடக்குவது மேலும் கடினம். வாயில் வைக்க, நடுவில் இரண்டு மூட்டு உள்ள வழவழப்பான இரும்பு பெரும்பாலான குதிரைகளுக்குப் போதும். அகலத்தை ஒரு நூலை வாயின் குறுக்கே பிடித்து அளந்துகொள்ளலாம். இருபுறமும் சேர்த்து அரை முதல் ஒரு சென்டிமீட்டர்வரை வெளியே நின்றால் சரி. கோடையில் இன்னொன்று: வெயிலில் தொங்கிய இரும்பை அப்படியே வாயில் வைக்காதீர்கள். கையில் பிடித்துப் பார்த்து, தண்ணீரில் முக்கிய பிறகே மாட்டுங்கள்.

இராயவரத்திலிருந்து: தோல், நைலான், பயோதேன் மூன்றில் எது நம் வெயிலுக்கு ஏற்றது?

நாள்தோறும் பயன்படுத்த பயோதேன். பட்டை இழையின்மேல் நெகிழிப் பூச்சு ஏற்றியது அது. வியர்வையைக் குடிக்காது, குழாய்த் தண்ணீரில் கழுவிவிடலாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. ஆனால் அதன் விளிம்பு கூராக இருக்கும் மலிவு வகைகளும் உண்டு. வாங்கும்முன் முன்கையின் உட்புறத்தில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். நைலான் விலை குறைவு, ஆனால் உராயும். எங்கேனும் மாட்டிக்கொண்டால் அறுந்து குதிரையை விடுவிக்காது.

பராமரிக்க மனமிருந்தால் தோலே மிருதுவானது. கான்பூரில் செய்யப்படும் நல்ல தோல் கடிவாளங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைத்து உப்பை எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். வாரம் ஒருமுறை சேணச் சோப்பும் அவ்வப்போது தோலெண்ணெயும் இட வேண்டும். வெயிலில் காயவைத்த தோல் விறைத்து வெடிக்கும், அந்த வெடிப்பு குதிரையின் தோலை அறுக்கும். கடிவாளத்தைப் போலவே குதிரையின் முகத்தையும் கழுவ வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காதடியிலும் கன்னத்திலும் காய்ந்த உப்பின்மேல் மறுநாள் வாரை மாட்டுவதால்தான் புண் வருகிறது.

அரியக்குடியிலிருந்து: வாயில் இரும்பே இல்லாத கடிவாளம் கோடைக்கு நல்லதல்லவா?

பக்கவாட்டில் இழுக்கும் எளிய வகை நல்லதுதான், குறிப்பாக வாய்ப்புண் உள்ள குதிரைக்கு. நீண்ட தண்டு வைத்த ‘ஹாக்கமோர்’ வகையோ நெம்புகோல்போல் மூக்கையும் தாடையையும் ஒருசேர நசுக்கும். எந்த வகையானாலும் அடைத்த மைதானத்தில் பழக்கிய பிறகே சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோட்டையூரிலிருந்து: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரையை மலைப்பகுதியிலிருந்து வாங்கி வந்தோம். முதலில் வியர்த்தது, இப்போது சவாரி செய்தாலும் தோல் காய்ந்தே இருக்கிறது. வெயில் பழகிவிட்டதென்று கொள்ளலாமா?

அப்படிக் கொள்ளவே கூடாது. வெப்பம் பழகிய குதிரை நன்றாக வியர்க்கும். குளிர்ந்த இடத்திலிருந்து புழுக்கமான இடத்துக்கு வந்த குதிரைகளில், அதிலும் தரோபிரெட்களில், வியர்வைச் சுரப்பு படிப்படியாக நின்றுபோகும் நோய் ஒன்று உண்டு. காதடியிலும் பிடரிக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும். மற்ற இடம் வறண்டு, மூச்சு மட்டும் இரைக்கும். நாட்பட்டால் முகத்து முடியும் உதிரலாம்.

சவாரியை இன்றே நிறுத்துங்கள். தகரக் கூரையின் கீழ் கட்டியிருந்தால் கீற்றோ பனையோலையோ வேய்ந்த கொட்டகைக்கு மாற்றி, மின்விசிறி வைத்து, நண்பகலில் மணிக்கொரு முறை உடம்பை நனையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையிலும் பிற்பகலிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தோலில் மருந்தைச் செலுத்தி வியர்வை வருகிறதா என்று சோதிக்கும் முறை அவர்களிடம் உண்டு. ஆரோக்கியமான புதுக்குதிரைக்கே இந்த வெயில் பழக இரண்டு முதல் மூன்று வாரம் பிடிக்கும். உங்கள் குதிரைக்கு வியர்வை திரும்பினாலும், மருத்துவர் ஒப்புக்கொள்ளும்வரை சேணம் வேண்டாம்; விடியற்காலையில் கையில் பிடித்து நடத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.