தப்பெண்ணம் வைத்திருப்பவர்மீது வழக்குப் போட முடியுமா?

ஊரில் பாரபட்சம் என்று சொல்வதும் சட்டம் சொல்லும் பாரபட்சமும் ஒன்றா, தப்பெண்ணத்துக்காக நீதிமன்றம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணத்துக்கு வழக்கில்லை. அந்த எண்ணத்தோடு அரச அதிகாரி ஒரு காரியம் செய்தால்தான் வழக்கு. ஏதோ ஓர் அலுவலகத்தில் அடிபட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கும் அங்கேதான் அடி விழுந்தது.

நான் படுவான்கரைக்காரன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். மட்டக்களப்பார் வந்தவரை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளிமாவட்டத்தார் சிரித்தால் எங்கள் நகரத்தாருக்குக் கோபம் வரும். அதே நகரத்தார் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். (எல்லோரையும் சொல்லவில்லை. என் மனைவியே வாவிக்குக் கிழக்கே, நகரம் இருக்கும் எழுவான்கரைதான்.)

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்களுக்குப் பாதைதான். சனமும் சைக்கிளும் வாகனமும் ஒன்றாக ஏறி வாவியைக் கடக்கும் மிதவை. அந்தக் காலத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். கோவையை விரித்த அதிகாரி விலாசத்தில் விரலை வைத்தார். விரல் பிறகு நகரவே இல்லை. "படுவான்கரையா தம்பி? மாரியில் வெள்ளம் என்பீர், மாரி முடிந்தால் வேளாண்மை வெட்டு என்பீர், மற்ற நாளில் பாதை பழுது என்பீர்." பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தட்டச்சுச் சான்றிதழ் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதைப் புரட்டாமலே கோவையை மூடினார். வேலை கிடைக்கவில்லை.

சட்டத்தரணி ஒருவரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி: உம்மைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவருக்கு வேலை கொடுத்தார்களா? காரணம் எங்காவது எழுத்தில் இருக்கிறதா? இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் என்பவற்றை வைத்துப் பிரசைக்குப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை. பிறப்பிடம் இருக்கிறதே என்று துள்ளினேன். "நீர் பிறந்தது எங்கே?" என்றார். நகரத்து ஆஸ்பத்திரியில்! எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்னும் 12(1)தான் உமக்குப் பொருந்தும், ஆனால் புள்ளி விபரம் கையில் வேண்டும் என்றார். அதை யார் தருவார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல்தான் வந்தது.

உங்களுக்கு அந்தச் சட்டம் இருக்கிறது. புள்ளியை இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். நாட்களையும் எண்ணுங்கள். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் உண்டு. நான் சட்டத்தரணி அல்லன்; ஒருவரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

உங்களை அடித்தது தனியார் என்றால் கதை வேறு. "படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அறை இல்லை" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் 126 உதவாது. ஆட்சித்துறையின் செயலோ நிருவாகச் செயலோ இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். ஊரில் இதையும் பாரபட்சம் என்றுதான் சொல்கிறோம். அதில் ஒரு பிழையும் இல்லை.

பாலம்தான் வந்துவிட்டதே, இன்னும் ஏன் பழைய கதை என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலம் வந்தது, நல்லது. பின்னேரமானால் படம் பிடிக்க வருகிறீர்கள், அதுவும் நல்லது. சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துத் தின்றுவிட்டுப் பொலித்தீனை வாவிக்கரையில் எறிந்துவிட்டுப் போவது எந்த ஊர்ப் பழக்கம்? காற்று அடித்தால் அது எங்கள் வயலுக்குள் வருகிறது, மாடு தின்கிறது. குப்பைத் தொட்டி வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கி முத்திரை குத்தியதோடு சரி.